அறுபத்தொன்று, கீழ்நோக்கி அம்பு

மார்ச் 3, செவ்வாய்
நர்ஸ் மேல்கையில் பொத்தான் மாதிரி ஒன்றை ஒட்டிவிட்டார். எறும்பு கடித்தது போல, அவ்வளவுதான். இனி விரலைக் குத்த வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுகர் எவ்வளவு என்று போனிலேயே வருமாம். என் போனில் மட்டுமா? வீட்டுக்காரி போனிலும். "இனிமே ஒளிச்சு வச்சு எதுவும் தின்ன முடியாது" என்கிறாள். சிரிப்பு வேறு.

மார்ச் 6, வெள்ளி
டீ குடித்துவிட்டு கிரேனில் ஏறுவதற்குள் வீட்டுக்காரியிடமிருந்து மூன்று போன். "இருநூத்திப் பத்து காட்டுதே, எத்தனை ஸ்பூன் சீனி போட்டீங்க?" மேலே போனதும் போனை வாயடைத்து வைத்தேன். ஆனாலும் கை அதைத்தான் தேடுகிறது.

மார்ச் 9, திங்கள்
இன்று மட்டும் போனை நாற்பது தடவை பார்த்திருப்பேன். என்ன பிழைப்பு இது.

மார்ச் 12, வியாழன்
வேலை நாளெல்லாம் பதினோரு மணிக்குப் போனில் சுகர் கோடு தொபுக்கென்று விழுகிறது. அறுபத்தெட்டு, அறுபத்தாறு. "நல்லா குறைஞ்சிருக்கே" என்று வீட்டுக்காரிக்கு சந்தோஷம். எனக்கும்தான். இன்று நர்ஸிடம் கேட்டேன். "எழுபதுக்குக் கீழ போகக் கூடாதுங்க, மயக்கமே வந்துடும்" என்றார்.

அந்த நேரத்து வியர்வையும் நடுக்கமும் — வெயில் என்றுதானே நினைத்தேன்? எத்தனை வருஷமாக? கீழே நின்று சைகை காட்டுவது என் மச்சினன். அவன் தலைக்கு மேலேதான் அத்தனை இரும்பும் போகிறது. சொன்னால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால்?

தூக்கம் வரவில்லை.

மார்ச் 13, வெள்ளி
போன் சத்தத்தைத் திறந்தே வைத்திருந்தேன். பத்து ஐம்பதுக்குக் கத்தியது. அறுபத்தொன்று, கீழ்நோக்கி அம்பு. இன்னும் இறங்குகிறது. கொக்கியில் ஒரு கட்டுக் கம்பி. வாக்கி-டாக்கியில் மச்சினன்: "இன்னும் கொஞ்சம் இடது பக்கம், மாமா."

"நீ தள்ளிப் போ. எல்லாரையும் தள்ளச் சொல்லு."

காலி இடம் பார்த்து இறக்கினேன். சட்டைப்பையில் இருந்த குளுக்கோஸ் பொடியை வாயில் கொட்டிக்கொண்டேன். சைட் இன்ஜினியர் வாக்கி-டாக்கியில் குறுக்கே வந்து, "என்னய்யா, மேல தூக்கமா?" என்றார். எல்லோரும் கேட்கும் லைன். இருந்தாலும் சொல்லிவிட்டேன்: "சுகர் இறங்கிடுச்சு சார். கை நடுங்குது. இனி தூக்க மாட்டேன்."

எண் தொண்ணூறு தொட்ட பிறகுதான் ஏணியில் கால் வைத்தேன். கீழே மச்சினன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

மார்ச் 16, திங்கள்
நான் காலையில் போடும் இன்சுலின் ஊசியின் அளவை டாக்டர் குறைத்தார். ஆறு வாரம் கிரேனில் ஏறக் கூடாது. கிடங்கில் ஆணி, போல்ட் எண்ணுகிறேன். இருபது வருஷம் மேலே இருந்தவன்! வீட்டுக்காரியிடம் எரிந்து விழுந்தேன். பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு, "என் தம்பி முழுசா வீட்டுக்கு வர்றான்ல?" என்றாள்.

ஏப்ரல் 27, திங்கள்
இரண்டு வாரமாக சுகர் ஒரு தடவையும் எழுபதுக்குக் கீழே இறங்கவில்லை. டாக்டர் கடிதத்தை இன்ஜினியரிடம் கொடுத்தேன். படித்தார். "புதன்கிழமையிலிருந்து ஏறுங்க." திரும்பி நடந்தவனிடம், "கொஞ்சம் இருங்க" என்றார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அந்த நர்ஸ் எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?"

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நாளை ஐந்து மணிக்கு அவரைக் கூட்டிப் போகிறேன்.