வராதவனுக்காக நின்ற துரை

துரை,

போன வாரம் வடக்கனந்தல் ரோட்டை அகலப்படுத்துவதற்காகப் புளியமரங்களை அறுத்துப் போட்டிருந்தார்கள். பஸ் அங்கே நின்றது. ஜன்னல் வழியாகப் பச்சை மரத்தின் வாசனை வந்தது. இறங்கி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். "இன்னா பாய், மயக்கமா?" என்றார் கண்டக்டர். ஆமாம் என்றேன். கேட்டவருக்கு வசதியான பதிலைச் சொல்வது எனக்குப் பழகிப்போன ஒன்று. அதை ஆரம்பித்ததே உன்னிடம்தான்.

பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. நீ கல்வராயன் மலையை ஆண்ட ஒரு வீட்டின் இளைய கிளை. நான் கள்ளக்குறிச்சி மளிகைக் கடைக்காரர் மகன். கிண்டலாகத்தான் 'துரை' என்று கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே நிலைத்துவிட்டது. மலையைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு வருஷங்கள் ஆகியிருந்தாலும், திருவிழா தொடங்கவும் வழக்கு தீர்க்கவும் உங்கள் சனத்துக்கு ஒரு பெரிய துரை வேண்டியிருந்தது. அவருக்குத் தலைப்பாகை கட்டிப் பட்டம் கொடுக்கும் உரிமை உன் கிளைக்கு. உன் கை பட்டால்தான் அது பட்டம்.

பெரிய துரை படுத்த படுக்கையானபோது கட்டிய மனைவிக்குப் பிள்ளை இல்லை. அடிவாரத்தில் ஒருத்தியோடு வாழ்ந்து பெற்ற மகன் ஒருவன் இருந்தான். மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு இறக்கிக்கொண்டிருந்தான். மலை சனம் அவனைத்தான் தங்கள் ஆளாக நினைத்தது. இன்னொரு பக்கம் பெரியவருடைய தம்பி மகன். சேலத்தில் கார் வைத்திருந்தான், ஊர் நியாயம் பேசும் பெரியதனக்காரர்களில் பாதிப் பேர் அவன் பக்கம் சாய்ந்திருந்தார்கள். பெரியவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "தாலி கட்டாதது என் தப்பு. அவன் தப்பு இல்ல. உன் கையால அவனுக்குக் கட்டு" என்று கேட்டார். நீ கட்டுகிறேன் என்றாய். ஏழாம் நாள் அவர் போய்விட்டார்.

"நீயே கட்டிக்கினா யாரு கேக்கப் போறா?" என்று நான்கூடச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "சொல்லிட்டேன் பாய். அவன மட்டும் கொண்டாந்து சேத்துடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

பட்டம் கட்டக் குறித்த நாள், இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரத்தில் வந்து விழுந்தது. அதற்கு முன்பே பையனை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். என் மனைவி நிறைமாதம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு லாரிகூட ஓடவில்லை, துப்பாக்கிச் சூடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். விடிந்ததும் அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். உச்சிவேளைக்குள் மேலே இருக்க வேண்டும்.

வடக்கனந்தலைத் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன்மேல் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பச்சைத் துண்டு போட்ட ஒருவர் எழுந்து வந்து விசாரித்தார். "வண்டி போவாதுங்க பாய். ஓரமா நிறுத்திட்டுப் பொடிநடையா போங்க. நடந்து போறவங்கள யாரும் ஒன்னும் பண்ண மாட்டோம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பையன் அதற்குள் இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான்.

தூரத்தில் எங்கோ பட்டாசு போல ஒரு சத்தம். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம்டா. உனக்கு ஒன்னு ஆயிட்டா துரைக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?" என்றேன். பயந்தது எனக்காக. பழியை உன் பெயரில் போட்டேன். வண்டியைத் திருப்பினேன்.

அன்று மேலே நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். கோயில் வாசலில் தலைப்பாகைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நீ நின்றிருக்கிறாய். உச்சிவேளை தாண்டியது. "வந்தவனுக்குக் கட்டு" என்றார்கள். "வராதவனுக்குத்தான் வாக்கு குடுத்தேன்" என்று துணியை மடித்துக் கீழே வைத்துவிட்டாய். வேறொரு கை அதை எடுத்துத் தம்பி மகனுக்குக் கட்டியது. அன்றோடு உன்னை ஊர்விலக்கு வைத்தார்கள். உன் கிளைக்கு இருந்த உரிமை போனது. உன் மனைவி அண்ணன்மாரோடு மேலேயே தங்கிவிட்டாள்.

ஒற்றை வேட்டியோடு நீ என் கடைக்கு வந்தபோது, நீ கேட்பதற்கு முன்பே சொன்னேன்: "மறியல்காரங்க அடிக்க வந்தாங்க துரை. உயிர் தப்பிச்சி வந்ததே பெரிசு." நீ என் தோளைத் தடவிக்கொடுத்தாய். "உனக்கு அடி ஒன்னும் படலியே?" என்று கேட்டாய்.

அதன்பிறகு அரிசி ஆலையில் வாட்ச்மேன் வேலை. மலையில் ஆட்கள் எழுந்து நிற்பார்களே உனக்கு, இங்கே ஒவ்வொரு லாரிக்கும் நீ எழுந்து கேட்டைத் திறந்தாய். தினமும் சாயங்காலம் என் கடையில் டீ. அப்படி ஒரு சாயங்காலம் பச்சைத் துண்டுக்காரர் வெல்லம் வாங்க வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அன்னிக்கு வண்டிய திருப்பிக்கினு போனவருதானே நீங்க? அந்தத் தம்பி நடக்கறேன்னுதான் நின்னுச்சி. நீங்கதான் வுடல."

நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். அவர் போனபிறகும் நான் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். நீ டீயைக் குடித்து முடித்தாய். "நாளைக்கு வரேன் பாய்" என்றாய். மறுநாளும் வந்தாய். நாலு வருஷம் வந்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன். கேட்காமலே மஞ்சள் காமாலையில் போய்விட்டாய். மேலே இடம் கொடுக்கமாட்டோம் என்று சொல்லி அனுப்பினார்கள். கோமுகி ஆற்றங்கரையில் உன்னை எரித்தோம். கொள்ளி வைத்தவன் அந்தப் பையன்தான்.

நேற்று மலைக்குப் போனேன், துரை. கோயில் முன்னால் பெரியதனக்காரர்கள் கூடியிருந்தார்கள். பட்டம் கட்டிக்கொண்டவன் செத்துப் பத்து வருஷமாம், இப்போது யாருக்கும் பட்டம் கட்டுவதில்லையாம். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பையன் வரத் தயாராக இருந்தான், மறியல்காரர்கள் வழி விட்டார்கள், திரும்பியது நான் என்று. உன்னைத் தள்ளிவைத்தவர்களில் மிச்சமிருக்கும் கிழவர் ஒருவர் காதுக்குக் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத அவருகிட்ட சொன்னீங்களா?" என்றார்.

"இல்லீங்க."

"அப்ப எங்ககிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுத் தடியை ஊன்றி எழுந்து போய்விட்டார்.