நான் தொலைந்து போகவில்லை, இறங்கிப் போனேன்

கார்தித்சா,
ஜூலை, ஞாயிறு காலை

அன்பு மகள் எவாந்தியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, ரத்த அழுத்தம்கூடக் குறைந்திருக்கிறது, வலது கணுக்கால் மட்டும் வீங்கியிருக்கிறது, ஏன் என்று கீழே சொல்கிறேன். மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும், மாதா துணையிருப்பாள்.

போனில் நீ அழுத அழுகையில் என்னால் ஒன்றும் பேசமுடியவில்லை, அதனால்தான் கடிதம். உன் பெரியப்பா மகன் லாம்ப்ரோஸ் உன்னைக் கூப்பிட்டு, சித்தியை ஏதென்ஸ்ல காணோம், புத்தி தடுமாறிடுச்சு போல, இனிமே தனியா விடக்கூடாது என்று சொன்னானாமே. நான் தொலைந்து போகவில்லையம்மா. இறங்கிப் போனேன். நடந்ததைக் கேள். கோயில் பெண்கள் சங்கத்தில் ஏதென்ஸுக்குப் பஸ் போட்டார்கள், நானும் எதிர்வீட்டு அசிமினாவும்தான் முதலில் பெயர் கொடுத்தோம். எனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று உனக்குத் தெரியும். போன ஈஸ்டருக்கு வீடியோவில் உன் மாமியார், அக்ரோபோலிஸ் தூணெல்லாம் சாயங்காலத்தில் தேன் நிறமாகும் என்று சொன்னார்கள், நீதான் மொழிபெயர்த்தாய். ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள் இரண்டு தடவை ஏறிப் பார்த்துவிட்டு என் நாட்டுக் குன்றை எனக்கு விவரிக்கிறார்கள், பள்ளிக்கூட நோட்டு அட்டையில் பார்த்ததோடு சரி நான். சாவதற்குள் அதன்மேல் ஏறி நின்றாகவேண்டும் என்று அன்றைக்கே நினைத்துவிட்டேன்.

பஸ் குன்றடியில் ஒரு நிமிஷம் நின்றது. வழிகாட்டி தனாசிஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் பாருங்கம்மா, அதுதான் அக்ரோபோலிஸ், போட்டோவைக் கண்ணாடி வழியாவே எடுத்துக்குங்க, இந்த வெயில்ல ஏறினா ஆம்புலன்ஸ்லதான் இறங்கணும் என்றான். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. போய் நின்ற இடம் ஒரு மெத்தைக் கடை. எங்களை நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுவலி போக்கும் காந்த மெத்தை என்று ஒருவன் அரைமணி நேரம் பேசினான், எங்களோடு வந்திருந்த பாதிரியாரின் மனைவியையே அதில் படுக்கவைத்துக் காட்டினான், பாவம், அவர்கள் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் எழுந்து தனாசிஸிடம், தம்பி, மேலே எப்போ போறோம் என்று கேட்டேன். மேலே என்னம்மா இருக்கு, உடைஞ்ச கல்லு, இங்கேன்னா காபி இலவசம் என்றான். என் வீட்ல மெத்தை இருக்குப்பா, அந்தக் கல்லுதான் இல்ல என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அசிமினா கையில் காபியோடு பின்னாலேயே வருகிறாள். கைபேசி பஸ்ஸில் மாட்டிய பையில் இருந்துவிட்டது, அது ஒன்றுதான் தப்பு.

மூக்கில் வளையம் போட்ட ஒரு பெண் எங்களை மெட்ரோவில் ஏற்றி, தானும் கூடவந்து வழிகாட்டிவிட்டுப் போனாள், நன்றாயிருக்கட்டும். குன்றடியில் கதவு சாத்தியிருந்தது. வெயிலுக்காக மூடியிருக்கோம்மா, அஞ்சு மணிக்குத் திறப்போம் என்றார் காவலாளி. பைன் மரத்து நிழலில் உட்கார்ந்து சீஸ் பணியாரத்தைப் பிய்த்துத் தின்றோம். உன்னை நம்பி வந்தேன் பாரு, இந்நேரம் அந்த மெத்தையில புரண்டுக்கிட்டிருப்பேன் என்று அசிமினா புலம்பிக்கொண்டே இருந்தாள், ஆனால் கதவைத் திறந்ததும் முதலில் எழுந்தவள் அவள்தான். பளிங்குப் படியெல்லாம் ஜனங்கள் நடந்து நடந்து வழவழவென்று இருக்கிறது, என் கால் மடங்கியது அங்கேதான். பாதி வழியில் அவள் முகம் சிவந்து மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாள். நீ போடி, எனக்கு இங்கேயிருந்து தெரியறதே போதும் என்றாள். எனக்கும் பயம்தான், அவளுக்கு ஏதாவது ஆனால் அவள் மகனுக்கு என்ன பதில் சொல்வது. தண்ணீர் கொடுத்து, விசிறிவிட்டு, அவளுக்கு மூச்சு சரியானதும், தனாசிஸ் மாதிரியே பேசறியே என்றேன். அவ்வளவுதான், என்னைத் திட்டிக்கொண்டே எழுந்துவிட்டாள். ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தோம்.

பாதித் தூண்களைச் சாரம் கட்டி மறைத்திருந்தார்கள், பக்கத்தில் கிரேன் வேறு. தேன் நிறமெல்லாம் இல்லை, நன்றாக வெந்த ரொட்டியின் மேல்தோல் நிறம், உன் மாமியாரிடம் சொல். கீழே ஊர் முழுக்க வெள்ளை வீடுகள், கடல்வரைக்கும். அசிமினா வெகுநேரம் பார்த்துவிட்டு, இத்தனை வீட்லயும் இப்போ ராத்திரிக்கு என்னடி சமைப்பாங்க என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அப்பா ஸ்டெர்ஜியோஸ் போனதிலிருந்து மின்கட்டணம், டாக்டர், தோட்டத்து மரம் வெட்டுவது எல்லாவற்றையும் லாம்ப்ரோஸ்தான் முடிவு செய்கிறான், நான் தலையாட்டுகிறேன். யாரையும் கேட்காமல் நான் வந்து நின்ற இடம் அது ஒன்றுதான் எவாந்தியா. நின்றேன், எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

ராத்திரி தங்கவேண்டிய ஹோட்டலுக்குத் திரும்பினால் எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் முகம் வெளுத்துப்போய் இருக்கிறார்கள். உங்க வீட்டுக்குப் போன் போட்டாச்சு, போலீசுக்கும் சொல்ல இருந்தேன்மா என்று தனாசிஸ் கத்தினான். அவன் பயந்தது நியாயம்தான், அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அசிமினா மட்டும், மெத்தை வித்துச்சா என்று கேட்டாள். மறுநாள் மடாலயத்துக்குக் கிளம்பவேண்டிய பஸ், குன்றடியில்தான் போய் நின்றது. பாதிரியாரின் மனைவி டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டு, மேலே போகாம நான் எங்கேயும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள், பஸ்ஸில் பாதிப்பேர் அவர்கள் பின்னால் இறங்கினார்கள்.

இப்போது வீட்டு விஷயம். வீட்டை வாங்க ஆள் பார்த்தாச்சு, கையெழுத்துப் போட்டா போதும் என்கிறான் லாம்ப்ரோஸ், வீட்டை மூடிவிட்டு உன்னோடு வந்து இருந்துவிடு என்கிறாய் நீ. உன் பாசம் எனக்குத் தெரியும். ஆனால் வீட்டை விற்கப்போவதில்லை. அவனிடம் இருந்த சாவியை நேற்று வாங்கிவிட்டேன், அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அவனோடு நீ சண்டை போடாதே. இனிமேல் கைபேசியைக் கழுத்திலேயே மாட்டிக்கொள்கிறேன், ஞாயிறுதோறும் பேசுவோம்.

சின்னவனுக்குக் காதுவலி என்றாயே, எண்ணெய் விடாதே, டாக்டரிடம் காட்டு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. உன் வீட்டில் எல்லோருக்கும் என் முத்தமும் ஆசீர்வாதமும். நவம்பரில் உன் ஊருக்கு வருகிறேன், ஊர் பார்க்கிறவளாக, அசிமினாவையும் கூட்டிக்கொண்டு. டிக்கெட் எடுக்கும்போது திரும்பி வருவதற்கும் சேர்த்தே எடு.

உன் அம்மா,
பொலிக்சேனி