பதிவேட்டில் எட்டாவது பெயர்

மே 8, ஞாயிறு

நாளை காலை ஆறரைக்குப் பேருந்து. எங்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் பதினோராம் வகுப்பில் இருபத்தாறு பேர். இருபத்தைந்து பேர் நகரத்துப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். நான் மட்டும் மலைக்கு. கேட்டு வாங்கியதுதான்.

பத்து நாள் தொடக்கப் பள்ளி வகுப்புகளைக் கவனிக்க வேண்டும். நாளுக்கு ஒன்றாகப் பத்துக் கவனிப்புத் தாள்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு பாடம். அதற்குத்தான் மதிப்பெண். இதுவரை எதிலும் பத்துக்குப் பத்துக்குக் குறைந்ததில்லை. இதிலும் குறையாது.

"பேனா ஆறு எதுக்குடி லவீனியா? அங்க போய் நாவலா எழுதப் போற?" என்றாள் அம்மா.

ஏழாக எடுத்து வைத்தேன்.

மே 9, திங்கள்

பேருந்து ஒரு வீட்டின் முன்னால் நின்றது. அதற்கு மேல் சாலை இல்லை. வாசலில் ஒரு அம்மாள் என் கண்ணாடியைப் பார்த்தாள், அப்பாவின் பழைய தோல்பெட்டியைப் பார்த்தாள், நான் வந்த நேரத்தை நோட்டில் குறித்துக்கொள்வதையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய், தன்னைவிட உயரமான மரக்கொம்பு ஒன்றைக் கொண்டுவந்து மலையைப் பார்த்து ஊதினாள். மேலே எங்கிருந்தோ இன்னொரு கொம்பு அதையே ஊதியது. அதற்கும் மேலே இன்னொன்று.

நோட்டில் எழுதினேன்: "விருந்தினரை இசையால் வரவேற்கும் வழக்கம். அருமை."

ஏறிப்போக ஒரு மணி நேரம் பிடித்தது. ஒரே அறைப் பள்ளி. நான்கு வகுப்புகளும் அதற்குள்ளேதான். பிள்ளைகள் பூத்தையல் போட்ட வெள்ளைச் சட்டையில், தலை ஈரமாக வாரப்பட்டு, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் நிக்கோதிம் கோட்டுப் போட்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே மட்டும் சேறு.

பாடம்: மழை எப்படி வருகிறது. இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததே இல்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் எல்லாக் கைகளும் உயர்ந்தன. கடைசியில் மினோதோரா என்ற சிறுமி எழுந்து, "ஐயா, கடல் தண்ணி உப்பா இருக்கே, மழை மட்டும் ஏன் உப்பா இல்ல?" என்று கேட்டாள். வாத்தியார் நெற்றியைத் தடவிக்கொண்டார். "அருமையான கேள்வி. எதிர்பார்க்கவே இல்லை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாள் 1 நிரம்பி, பின்பக்கமும் எழுதினேன். ஒரே ஒரு சந்தேகம். வருகை எடுத்தபோது எட்டு "உள்ளேன் ஐயா" கேட்டது. தலைகள் ஏழு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன். ஏழு.

மே 10, செவ்வாய்

பாடம்: மழை எப்படி வருகிறது.

மினோதோரா எழுந்தாள். உப்பு. வாத்தியார் நெற்றியைத் தடவினார். எதிர்பார்க்கவே இல்லையாம்.

ஒருவேளை மீள்பார்வையோ?

மே 11, புதன்

மழை.

வகுப்பு முடிந்ததும் கேட்டே விட்டேன். "ஐயா, நாளைக்காவது வேற பாடம் எடுப்பீங்களா?"

"மேடத்துக்கு எந்தப் பாடம் வேணும்னு சொன்னா நாளைக்குள்ள தயார் பண்ணிடலாம்."

"நான் மேடம் இல்லை ஐயா. மாணவி. கடிதம் கொடுத்தேனே?"

"குடுத்தீங்க. படிச்சேன். போன தடவை வந்த ஆய்வாளரும் தபால்காரர்னுதான் சொன்னாரு."

"எனக்குப் பதினேழு வயசு."

"இப்பல்லாம் சின்ன வயசுலயே வேலை குடுத்துடறாங்க" என்றார், மிகுந்த மரியாதையோடு.

மாலை கீழே இறங்கிப் போய்க் கொம்பூதும் அம்மாளைப் பார்த்தேன். பெயர் சவேத்தா. அப்போதுதான் விளங்கியது. அது வரவேற்பு இல்லை. ஒவ்வொரு சேதிக்கும் ஒரு ராகம் இருக்கிறது: ஓநாய், தீ, சாவு, பாதிரியார், மாட்டு டாக்டர், பள்ளி ஆய்வாளர். எனக்கு ஊதியது கடைசி ராகம்.

"அக்கா, அப்போ தப்புன்னு ஊதிடுங்களேன்."

"தப்புன்னு ஊத ராகம் இல்லையே, பொண்ணு."

"ஆய்வாளர் போயிட்டாருன்னு?"

"அவங்க போனா நாங்க ஏன் ஊதணும்? கதவைச் சாத்திட்டு நிம்மதியா உக்காருவோம்."

நூறு வருடமாக ஊதுகிறார்களாம். ஒருமுறைகூடத் தப்பாக ஊதியதில்லையாம். அதனால் அதற்கு ராகம் தேவைப்பட்டதே இல்லை. தப்பாக வந்தது நான்தான் என்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு ஆட்டுப்பால் சீஸும் மக்காச்சோளக் களியும் கொடுத்தாள்.

என்னையும் ஊதிப் பார்க்கச் சொன்னாள். மூச்சு முட்ட ஊதினேன். ஒரு காவல்நாய் மட்டும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

மே 12, வியாழன்

மழை. (வெளியில் நல்ல வெயில்.)

மினோதோராவின் கேள்வியை நானும் கூடவே முணுமுணுத்தேன்.

மே 13, வெள்ளி

காலையில் மழைப் பாடம். மதியம் பள்ளியில் ஊர்க்கூட்டம். சவேத்தாக்கா எனக்காக வாதாடினாள். "இது ஆய்வாளர் இல்ல. என் வீட்டுல ரெண்டு தட்டு களி தின்னுச்சு. ஆய்வாளருங்க ஒரு வாய் தின்னுட்டு வயித்த வலிக்குதும்பாங்க." அதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அடையாள அட்டையை மூன்று நாளாக நீட்டுகிறேன், அதற்கு மதிப்பில்லை.

ஆனால் கொம்பில் சொல்லாதவரை மேட்டு வீட்டுக்காரர்கள் நம்ப மாட்டார்களாம். எனவே புது ராகம் போட வேண்டும்: "வந்திருப்பது பயிற்சி மாணவி." இரண்டு மணி நேரம் சண்டை. முதல் ராகம் மாட்டு டாக்டர் ராகத்தைப் போலவே இருந்தது. ஊதிப் பார்த்ததில் மூன்று வீட்டில் பசுவைக் கட்டிவிட்டார்கள். இரண்டாவது சோகமாக இருந்தது. யார் செத்தது என்று கேட்டு ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே இறங்கி வந்தார். மூன்றாவது பிடித்துப்போனது. நீளமாக ஒன்று, குட்டியாக மூன்று, கடைசியில் ஒரு கேள்வி மாதிரி இழுப்பு.

மலை முழுக்க அது போய்ச் சேரும்வரை நின்று கேட்டோம். வாத்தியார் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அப்பாடா. திங்கக்கிழமைலேருந்து பாடம் நடத்தலாம்."

மே 16, திங்கள்

இதற்குத்தான் வந்தேன்!

சட்டையெல்லாம் சேறு, தலையெல்லாம் வைக்கோல். பின்னங்கள் பாடம். வாத்தியார் ஒரு முழு வட்டச் சீஸைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "எட்டு பேரு. ஏழு பேரு இருக்கீங்க. எப்படிப் பங்கு?" பிள்ளைகள் கத்தினார்கள், அடித்துக்கொண்டார்கள், வெட்டினார்கள், தின்றார்கள். அரைமணியில் எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் வேறு என்பது எல்லாருக்கும் வயிற்றில் தெரிந்துவிட்டது. தாளில் இடம் போதவில்லை.

எட்டாவது துண்டு மேசையில் அப்படியே இருந்தது. "அது யாருக்கு?"

"சிமியோனுக்கு" என்றான் லசார். நாலாம் வகுப்பு, எல்லாம் தெரிந்தவன்.

"அவன் எங்கே?"

"ஸ்பெயின்ல. அவங்கம்மா அப்பா ஆரஞ்சு பறிக்கப் போயி ஒன்றரை வருசமாச்சு."

வாத்தியார் சன்னலை மூடிவிட்டுச் சொன்னார். எட்டுப் பேர் இருந்தால்தான் பள்ளி. ஏழென்றால் மூடிவிட்டு, பிள்ளைகளைப் பள்ளத்தாக்குப் பள்ளிக்கு அனுப்புவார்கள். குளிர்காலத்தில் ஒரு மணி நேரப் பனியில் இறங்கி ஏற வேண்டும். மினோதோராவுக்கு ஏழு வயது. அதனால் சிமியோன் இன்னும் இங்கே படிக்கிறான். "உள்ளேன் ஐயா" முறை வைத்துச் சொல்கிறார்கள். வீட்டுப்பாடத்தையும் முறை வைத்து எழுதுகிறார்கள். யாரும் அவனுக்காகத் தப்பாக எழுதத் துணிவதில்லை. ஆகவே வகுப்பில் முதல் மாணவன் அவன்தான். போன வருடம் பரிசுகூட வாங்கியிருக்கிறான்.

"நல்ல பையன்மா. ஸ்பெயின் போன அப்புறம் ஒழுங்காப் படிக்கிறான்" என்றார் வாத்தியார்.

என் தாளில் "மாணவர் எண்ணிக்கை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆறு தாள்களிலும் அதைக் காலியாக விட்டிருக்கிறேன். காலிக் கட்டத்துக்கு அரை மதிப்பெண் குறையும். ஏழு என்று எழுதினால் பள்ளி போகும். எட்டு என்று எழுதினால் பொய். என்ன செய்ய?

மே 17, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை எட்டரைக்குக் கீழிருந்து புது ராகம். நீளமாக ஒன்று, குட்டியாக மூன்று, கேள்வி. "இன்னொண்ணா?" என்றார் வாத்தியார். ஒரு மணி நேரத்தில் ஒரு பெண் வந்தாள். முதுகுப் பை, விளையாட்டுச் சப்பாத்து, குட்டை முடி. பெயர் கொரினா என்றாள். அவள் மேலும் பேசுமுன் வாத்தியார், "பின்னாடி உக்காரும்மா. மொதல்ல அந்த உருளைக்கிழங்க உரிச்சுக் குடு, சூப்புக்கு" என்று கத்தியைக் கொடுத்தார்.

நான் மூத்தவள் அல்லவா. பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டே அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எல்லாம். கொம்பு, மழைப் பாடம், மினோதோராவின் திடீர்க் கேள்வி, எதிர்பார்க்கவே இல்லை. சிமியோனையும். சிமியோனின் நான்கு விதமான கையெழுத்துகளையும் நோட்டைத் திறந்தே காட்டினேன். கவனிப்பது எப்படி என்று அவளுக்கு நான் கற்றுத்தருகிறேனாம்! கடவுளே.

"கெட்டிக்காரப் பையனா இருக்கானே" என்றாள்.

"வகுப்புல முதல்" என்றேன்.

பத்தரைக்கு வாத்தியார் நிலத்தில் கிழங்கு நடப் போய்விட்டார். "கொரினா, பின்னத்த நீ பாத்துக்க." அவள் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டாள்.

"இது ஆட்டுச் சீஸா, மாட்டுச் சீஸா டீச்சர்?" என்றான் லசார்.

"எதுவா இருந்தா என்ன?"

"மாட்டுதுன்னா எனக்குப் பங்கு வேணாம். அப்ப ஏழு பேருதான்."

"என் பங்க ரெண்டா வெட்டிப் பாதிய நாய்க்குக் குடுப்பேன்" என்றாள் மினோதோரா.

கொரினா வட்டத்தை அழித்தாள், போட்டாள், மறுபடி அழித்தாள். கடைசியில் லசார் எழுந்துபோய்ச் சுண்ணாம்புக்கட்டியை வாங்கி, "உக்காருங்க டீச்சர், நான் சொல்றேன்" என்று விளக்கினான். அவள் மினோதோரா பக்கத்தில், அந்தக் குட்டி பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்து கேட்டாள். கேட்டுக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

இடைவேளையில் பையைத் திறந்தாள். ரொட்டி எடுப்பாள் என்று நினைத்தேன். ரப்பர் முத்திரையும் மைப்பெட்டியும் எடுத்து மேசையில் வைத்தாள்.

மாவட்டக் கல்வி அலுவலகம். ஆய்வாளர்.

அந்த நேரம் பார்த்து வாத்தியார் இரண்டு கையிலும் கிழங்கோடு உள்ளே வந்தார். முத்திரையைப் பார்த்தார். முகம் மாறவில்லை. கிழங்கைக் கீழே வைக்கவும் இல்லை. நிமிர்ந்து நின்று, "பிள்ளைகளே, மழை எப்படி வருகிறது?" என்றார்.

ஏழு கைகளும் ஒன்றாக உயர்ந்தன. சேற்றுச் சட்டையோடு, ஒரு சொல் பிசகாமல், கடல், ஆவி, மேகம் எல்லாம் வந்தன. மினோதோரா எழுந்தாள். "ஐயா, கடல் தண்ணி உப்பா இருக்கே, மழை மட்டும் ஏன் உப்பா இல்ல?"

வாத்தியார் வாயைத் திறக்குமுன் பின் பெஞ்சிலிருந்து ஆய்வாளரின் குரல் வந்தது. "அருமையான கேள்வி. எதிர்பார்க்கவே இல்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை. வாத்தியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆய்வாளர் என் தாள்களைக் கேட்டார். ஆறையும் படித்தார். ஐந்து மழைத் தாள்களையும்கூட. பிறகு காலிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது ஏன் காலி?"

"பொய் எழுத வரலை மேடம். உண்மையும் எழுத வரலை."

"சரி. பொய் எழுத வேணாம். இன்னிக்கு இந்த அறையில பாடம் கத்துக்கிட்டவங்க எத்தனை பேர்? எண்ணிச் சொல்லு."

ஏழு பேரை எண்ணினேன். பிறகு என்னையும் எண்ணிக்கொண்டேன். "எட்டு."

"நானும் இருக்கேன். ஆனா ஒன்பதுன்னு எழுதினா மேல நம்ப மாட்டாங்க." பதிவேட்டை இழுத்து, சிமியோனின் பெயரை ஒரே கோட்டில் அடித்தார். பக்கத்தில் எழுதினார்: ஸ்பெயினுக்கு மாற்றம். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழாத. உன் முழுப் பேரு என்ன?"

சொன்னேன்.

"நாலாம் வகுப்பு. படிவத்துல வயசு கேக்கலை, நானும் கேக்கலை" என்றபடி பதிவேட்டில் என் பெயரை எழுதி, முத்திரையை ஊதிக் குத்தினார்.

போகும்போது வாத்தியாரிடம், "நான் டீச்சர் வேலைய விட்டு ஒன்பது வருசம் ஆச்சு. அந்த லசார் எனக்கு மேல" என்றார். சூப்பு இரண்டு தட்டு குடித்தார். மலை முழுக்க அதைத்தான் பேசுகிறார்கள்.

மே 20, வெள்ளி

பத்துத் தாள்களும் முடிந்தன. எல்லாவற்றிலும் எட்டு என்று எழுதினேன், முதல் ஆறில் வேறு மையில். நகரத்தில் கேட்டால் என்ன சொல்வேன்? தெரியாது.

விடைபெறும்போது வாத்தியார் கைகொடுக்கவில்லை. வருகை எடுத்தார். எட்டாவதாக என் பெயரைக் கூப்பிட்டார்.

"உள்ளேன் ஐயா" என்றேன்.

ஜூன் 3, வெள்ளி

பயிற்சி மதிப்பெண் வந்தது. ஒன்பது. "ஆறு தாள்களில் எண்ணிக்கை பிறகு எழுதப்பட்டுள்ளது, ஐந்து தாள்களில் ஒரே பாடம்." வகுப்பில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவு வலிக்கவில்லை.

ஜூன் 27, திங்கள்

தபாலில் ஒரு பழுப்பு உறை. உள்ளே என் நாலாம் வகுப்பு மதிப்பெண் அட்டை.

மொழி: மிக நன்று. கணிதம்: மிக நன்று. இயற்கை: மிக நன்று, மழைப் பாடம் மனப்பாடம். நடத்தை: நன்று; ரகசியம் தங்காது. இசை: போதாது. கொம்பு ஊத வரவில்லை.

அடியில்: தேர்ச்சி பெறவில்லை. மீண்டும் நாலாம் வகுப்பு.

கூடவே வாத்தியாரின் துண்டுச் சீட்டு. "லசார் தேர்ச்சி பெற்றுப் பள்ளத்தாக்குப் பள்ளிக்குப் போகிறான். புதிதாக ஒரு பெண் சேர்கிறாள். ஆகவே ஏழு. நீயும் தேறிவிட்டால் நாங்கள் என்ன செய்வது? செப்டம்பர் பன்னிரண்டு, காலை எட்டு மணி. மாணவி ராகம் இப்போது ஆய்வாளருக்கு ஆகிவிட்டது. உனக்கு வேறு போட்டிருக்கிறோம். சவேத்தா தினமும் பழகுகிறாள்."

அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று அட்டையைப் படித்தாள். "ஃபெயிலா? நீயா?"

என் மேசைக்கு மேலே முதல் பரிசுச் சான்றிதழ்கள் பதினொன்று மாட்டியிருக்கின்றன. நடுவில் இருந்ததைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் இதை மாட்டினேன்.