கனி தின்ற சாவிக்காரி

மார்ச் 4
இன்று என்னிடம் யாரும் பேசவில்லை. நேற்றும்தான்.

பெருநெருப்புக்குப் பிறகு போதகர் போட்ட சட்டம் இது. உலகத்தை எரித்தது படிப்புதான் என்று நூலகத்தைப் பூட்டி, அதற்கு ‘விருட்சம்’ என்று பெயரும் வைத்தார். சாவி என் கழுத்தில். சாவிக்காரியோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, தேவைக்கு மேல் பேசக்கூடாது. கூடப்பிறந்த தங்கையே தட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். ஏவாளுக்காவது பேச்சுத் துணைக்கு ஒரு பாம்பு இருந்தது.

மார்ச் 9
கிணற்றுத் தண்ணீரில் கோளாறு. வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. காய்ச்சிக் குடிக்க விறகு இல்லை. தங்கை மகளுக்குக் கண்கள் உள்ளே போய்விட்டன.

தங்கை இன்று வாசலைவிட்டு நகரவில்லை. “உள்ள இத்தனை புத்தகம் இருக்கே அக்கா. ஒண்ணுலகூடவா வழி இருக்காது?”

“நான் அதையெல்லாம் தொடவே கூடாதுடி.”

“தொட்டிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?”

தொட்டதில்லை. சத்தியமாக.

மார்ச் 10
தொட்டுவிட்டேன்.

மார்ச் 13
உப்புத் தண்ணீரில் சோலார் பலகையின் கரண்டை விட்டால் கிருமி கொல்லும் மருந்து கிடைக்குமாம். கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கிளம்பிய புகையில் மூக்கு எரிந்து, மூச்சடைத்து, வெளியே வந்து விழுந்தேன். போதகர்தான் தூக்கி உட்கார வைத்தார். திட்டவே இல்லை. கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 20
சின்னவள் எழுந்து சாப்பாடு கேட்டாள்!

கதவைத் திறந்து வைத்து மறுபடி செய்த மருந்தில் கிணறு தெளிந்துவிட்டது. பக்கத்திலிருந்த கழிவுக்குழியையும் மூடிவிட்டார்கள். தங்கை என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டாள். அடுத்த வீட்டுக்காரி வந்து தலை வாரிவிட்டாள். பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டது. சந்தோஷமாக இருக்கிறேன், வெட்கமில்லாமல்.

மார்ச் 27
போதகர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தார்.

“மேல அணையைப் பிடிச்சு வச்சிருக்காங்களே, அந்த அணைக்காரங்க நமக்கு வர்ற தண்ணிய நிறுத்திட்டாங்கம்மா. ராத்திரி அவங்க எல்லாரும் அணைச் சுரங்கத்துக்குள்ளதான் தூங்குறாங்க. உன் கொட்டகையில வந்துச்சே, அந்தப் புகை... அதை நிறைய செய்ய முடியுமா?”

“அங்க குழந்தைங்க இருக்காங்க ஐயா.”

“இங்கயும்தான் இருக்காங்க. விருட்சத்தைத் திறந்தாச்சு. நாளைக்கு அந்தப் புத்தகத்துப் பக்கத்தைக் குடுத்துடு.”

படிப்பு வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தினவர் — அப்போது புத்தகத்துக்கா பயந்தார், தனக்கே பயந்தாரா? முடியாது என்றால் மறுபடி வாசலில் தட்டு. ஐயோ, அது மட்டும் வேண்டாமே.

மார்ச் 28
பக்கத்தைக் கிழித்துத் தின்றுவிட்டேன். எரித்தால் புகை காட்டிக்கொடுக்கும். வேதத்தில் தீர்க்கதரிசி தின்ற சுருள் தேனாய் இனித்ததாம். எனக்குப் பழைய பசை நாற்றம்தான்.

போதகர் சிரித்தார். “பக்கம் போனா என்னம்மா? உனக்குத்தான் மனப்பாடமாச்சே. உன் தங்கச்சி மகளை நினைச்சுப் பாரு.”

ஆமாம். இனி நான்தான் அந்தப் பக்கம்.

மார்ச் 29
சாவியைத் தங்கை வீட்டு வாசலில், தட்டில் வைத்துவிட்டு வந்தேன். கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் கிளம்பியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 3
நெடுஞ்சாலையில் ஒரு பழைய பஸ்ஸுக்குள் தங்கியிருக்கிறேன். தூரத்தில் ஏதோ ஊர் தெரிகிறது. அங்கே யாராவது கேட்டால், “எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க” என்று சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல்லிப் பழகுகிறேன்.

இன்று என்னிடம் யாரும் பேசவில்லை.