மைக்கில் சொன்ன சாட்சி

இராஜாக்கமங்கலம்,
14.6.2024

இயேசுவின் அன்பில் என் மகன் சிஜினுக்கு, உன் அம்மா ஜெபகுமாரி எழுதுகிறேன். நான் சுகம். உன்னோடு வேலை பார்க்கிற ரெஜின் நாளை லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். நமக்குப் போன் போட்டுத் தருகிறவள் உன் பெண்டாட்டி ஜெப்சி. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எப்படிப் பேச? தனியாக இருக்கும்போது வாசி.

நீ அவளோடு சண்டை போட்டாயாமே, இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டேன் என்கிறாள் என்று. ஏலே, பேச முடிந்தால் பேச மாட்டாளா? அவள் வாய் மறுபடியும் பூட்டிக்கொண்டது. ஒரு விரல் நுழைய இடமில்லை.

தாடை மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கிற வட்டு விலகி முன்னால் சிக்கியிருக்கிறது என்று நாகர்கோவில் டாக்டர் ஸ்கேனைக் காட்டிச் சொன்னது உனக்குத் தெரியும். மாத்திரையும் பல்லுக்கு மாட்டிய பிளேட்டும் கேட்கவில்லை. காதுக்கு முன்னால் சின்னத் துளை போட்டு, வட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளித் தையல் போட வேண்டும் என்றார். நான்தான் ஆபரேஷன் தேதியைத் தள்ளிப் போட்டு, வீட்டில் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தேன். மூன்றாம் நாள் டக்கென்று சத்தம் கேட்டு வாய் திறந்தது. ஒரு மட்டி வாழைப்பழத்தை முழுதாகக் கடித்துத் தின்றாள். நான் அழுத அழுகை! இடையில் திறக்கும், பிறகும் பூட்டிக்கொள்ளும், அதை நம்பி இருந்துவிடாதீர்கள் என்று டாக்டர் முன்பே சொன்னது எனக்கு அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை. அந்த ஞாயிறே சபையில் எழுந்து, என் மருமகளுக்கு ஆபரேஷன் வேண்டாமென்று கர்த்தர் முடித்துவிட்டார் என்று மைக்கில் சாட்சி சொன்னேன். பாட்டுக்குழு பெபிஷா டீச்சர் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

வாய் திறந்த நாலாம் நாள் அடுக்களைக்குள் போகப் பார்த்தால், ஜெப்சி சோற்றையும் மீனையும் மிக்சியில் அடித்து, தம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணில் தண்ணீர். நான் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன். பிறகு, சாப்பிட்டியா மக்கா என்று கேட்டேன். வயிறு நெறஞ்சுட்டு மாமி என்று பல்லைத் திறக்காமலே சொல்லிச் சிரித்தாள். என் மானம் போய்விடக் கூடாதென்று நடிக்கிறாள். நானும் தெரியாதவள் போல நடிக்கிறேன். இன்றோடு பதினோரு நாள். இவ்வளவு கெட்டவளா நான் என்று எனக்கே இருக்கிறது.

பொட்டலத்தில் வடசேரியில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ் இருக்கிறது, ரெஜினுக்குப் பாதி கொடு. இங்கே மழை பிடித்துக்கொண்டது. உன் அறையில் ஓடு ஒழுகுகிறது.

இன்னொன்று கேள். மாதக் கடைசி ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனையில் ஜெப்சி தனிப்பாட்டுப் பாட வேண்டும் என்று பெபிஷா டீச்சர் வந்து கேட்டாள். இவளும் தலையை ஆட்டிவிட்டாள். நான் பக்கத்திலேயே இருந்தேன் மக்கா. வேண்டாம் என்று ஒரு சொல் என்னால் சொல்ல முடியவில்லை. நாள் போகப் போக வட்டு கிழிந்துபோகும், அப்புறம் தைத்தும் பிரயோஜனமில்லை என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நீயாகவே கண்டுபிடித்தது போல அவளிடம் பேசு என்றுதான் முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். மாமிக்கு எல்லாம் தெரியும் என்றே சொல். அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள் என்றும் சொல். அந்த ஞாயிறு வருவதற்குள் டாக்டரிடம் தேதி வாங்கச் சொல். வீட்டு ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம், நான் போடுகிறேன். சபையில் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அது என் பாடு. அவள் என்னை வெறுத்தாலும் வெறுக்கட்டும். என் வீட்டில் பசியோடு சிரித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

கர்த்தர் உன்னையும், உனக்கு முந்தி அவளையும் ஆசீர்வதிப்பாராக.

உன் அம்மா,
ஜெபகுமாரி