நிசாந்தனுக்குச் சேர்ந்த பங்கு

மனோர் பார்க்,
லண்டன்.
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி நிசாந்தனுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதித்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்கிப் பழக்கம். இம்முறை அது வரவில்லை. மால்டாவில் நீ சுகமாக இருக்க வேண்டும், அதை மனதார எழுதுகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது அக்காவுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் என்றால் இரண்டு நிமிடத்தில் என்னைச் சமாதானப்படுத்தி வைத்துவிடுவாய். உன் வாயை எனக்குத் தெரியாதா? கடிதத்துக்குள் நீ குறுக்கே பேச முடியாது.

மேலே இருக்கும் முகவரியைப் பார். கோலியர்ஸ் வுட் வீடு போய்விட்டது. வேலைக்கு வசதி என்று மாறினோம் என உனக்குச் சொன்னது பொய். இப்போது இருப்பது ஒருவர் வீட்டின் மேல்மாடி அறை. குளியலறை மூன்று குடும்பங்களுக்குப் பொது. மகள் மேனுஷாவுக்கு இந்த வருடம் பரீட்சை என்பதால் பள்ளிக்கூடத்தை மாற்றவில்லை. இரண்டு ரயில் மாறிப் போய் வருகிறாள். முருகன் கோயில் நடக்கிற தூரம்தான். உள்ளே போக எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் ஏன் வீட்டை விற்றீர்கள் என்று கேட்பார்கள்.

மேனுஷாவின் அப்பா மறுபடியும் காசு வைத்துச் சூது விளையாடினார். நாலு வருடத்துக்கு முன் நான் உன்னிடம் போனில் அழுதது நினைவிருக்கும். அதன் பிறகு உன் அத்தான் தானாகவே, என்னைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு, இணையத்தில் எந்தச் சூதாட்டத் தளமும் தன்னைச் சேர்க்கக் கூடாது என்று பதிந்தார். இந்த நாட்டில் அனுமதி பெற்ற ஒரு தளமும் அவருக்குத் திறக்காது. பதிந்து முடித்ததும் தேத்தண்ணி கேட்டார். இரண்டு வருடம் வேலையும் வீடுமாக நல்ல மனிதராக இருந்தார்.

பிறகு மேனுஷா பெரியபிள்ளையாகி, அவளுடைய சாமத்திய வீட்டுக்கு நீ வந்தாய். சட்டனில் எடுத்த மண்டபத்தில் தாய்மாமனாக நின்று தேங்காய் உடைத்தாய். மாமன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சனம் பேசியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றுதான் அத்தான் உன் தொழிலைப் பற்றிக் கேட்டார். இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், எந்தத் தளத்தை நம்பலாம் என்று சோதித்து எழுதுகிறேன், அதன் வழியாக ஆட்கள் போனால் கொமிஷன் வரும் என்றாய்.

அத்தான் காட்டித்தான் அந்தப் பக்கத்தை நானும் பார்த்தேன். உன் பெயர் எங்கும் இல்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரரின் சிரித்த படம், இருபது வருட அனுபவசாலி என்று கீழே எழுத்து. தங்களைத் தாங்களே தடுத்துப் பதிந்தவர்களும் விளையாடக்கூடிய வெளிநாட்டுத் தளங்கள் என்று ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சை நிறத்தில் சரி அடையாளம். தம்பி, அந்தப் பட்டியலை யாருக்காகப் போட்டாய்?

மீன் வாங்குவதென்றாலும் இரண்டு கடை தாண்டி எங்கள் ஆட்களின் கடைக்குப் போகிறவர்கள் நாங்கள். அத்தானும் அப்படித்தான் நினைத்தார். “மச்சான் பார்த்து எழுதினது பிழைக்காது. ஆருக்கோ போற கொமிஷன் எங்கடை பொடியனுக்குப் போகட்டும்” என்று உன் பட்டியல் வழியாகவே ஒரு தளத்தில் சேர்ந்தாராம். விளம்பரத்துக்குக் கம்பனி கொடுக்கிற காசு, தான் வென்றாலும் தோற்றாலும் உனக்கு ஏதோ சேரும் என்று நம்பினார். கூரை திருத்த வேண்டும் என்று சொல்லி வீட்டின் மேல் கடன் எடுத்தார். நானும் வாசிக்காமல் கையொப்பம் வைத்தேன். அந்தக் காசு முழுவதும் அந்தத் தளத்தில் போய், கடனை அடைக்க வீட்டை விற்றோம்.

கடன் ஆலோசனை நிலையத்தில் ஏஞ்சலா என்று ஒரு பெண் இருக்கிறாள், பொறுமைசாலி. அவள்தான் விளக்கினாள். இப்படிப் பக்கம் வைத்திருப்பவர்கள் பலருக்கு, அவர்கள் அனுப்பிய ஆள் தோற்கிற காசில்தான் பங்காம். வென்றால் ஒன்றும் இல்லையாம். எனக்கு விளங்கவில்லை என்று மறுபடியும் சொல்லச் சொன்னேன். விளங்காமல் இல்லை. அத்தான் சேர்ந்த பக்கத்தைத் திறந்து, அதுவும் அந்த வகைதான் என்று காட்டினாள். யார் நடத்துவது என்று தெரிந்தால் முறைப்பாடு எழுதலாம் என்றாள். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ மேனுஷாவுக்கு லாப்டொப் அனுப்பியதும் அந்த மாதங்களில்தான். பிள்ளை அதைத் திறந்து படிக்கும்போது நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

உனக்குத் தெரிந்திருக்காது என்று என்னை நானே தேற்றினேன். ஆயிரம் பேர் போகிற பக்கத்தில் அத்தான் போனது எப்படித் தெரியும்? பிறகு அத்தானே சொன்னார், சேர்ந்த அன்றே உனக்குப் போன் எடுத்தாராம். அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். “தாங்ஸ் அத்தான் எண்டவன்” என்றார், சந்தோசமாக. அவர் தன்னைத் தடுத்துப் பதிந்தவர் என்பது உனக்குத் தெரியும். உனக்குச் சொன்னதே நான்தான். வேண்டாம் அத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தம்பி. மாணவர் விசாவில் வந்து நீ இறங்கியபோது இரவு வேலை முடிந்து நித்திரை கொள்ளாமல் ஹீத்ரோவுக்கு வந்தவர் அவர். இரண்டு வருடம் எங்கள் முன் அறை உன் அறையாக இருந்தது. சொல்லிக்காட்டுகிறாள் என்று நினைப்பாய். சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன்.

இன்னும் இரண்டு வாரத்தில் மறுபடியும் ஏஞ்சலாவிடம் போக வேண்டும். பெயரைக் கேட்பாள். சொல்வேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது. அதற்கு முன் அந்தப் பட்டியலை எடுத்துவிடு. அத்தானுக்குப் போன் எடுத்து, உன் பங்கு எதிலிருந்து வந்தது என்று உன் வாயாலேயே சொல்லு. காசு போனதை அவர் எப்படியோ தாங்கிவிட்டார். இதைத் தாங்குவாரோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் வேறு ஆள் சொல்லி அவர் அறியக் கூடாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தான் வந்து, நிசாந்தனுக்கோ என்று கேட்டார். ஓம் என்றேன். தான் சுகம் கேட்டதாக எழுதச் சொன்னார். யன்னலைச் சாத்திவிட்டு வந்து, இதையும் எழுது என்றார்: “இனி என்னாலை அவனுக்கு ஒண்டும் செய்ய ஏலாது. என்னைக் குறை நினைக்க வேண்டாம் எண்டு மச்சானுக்குச் சொல்லு.”

அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். நீ நல்லாயிருக்க வேண்டும், தம்பி.

உன் அக்கா,
சிவகௌரி