இடைவேளை வரைக்கும் முதலிடம்

ஜூன் 3, செவ்வாய்

பல் டாக்டர் கேட்ட பட்டியலை இன்று அனுப்பிவிட்டேன். பல் பிடுங்கும் நேரம் போக, அவர்தான் எங்கள் திரைப்படக் கழகத்தின் செயலாளர். ஒவ்வொருவரும் வாழ்நாளில் மிகப் பிடித்த பத்துப் படங்களை எழுதித் தர வேண்டுமாம். இடது தோளில் பாப்பா, வலது கையில் பேனா. ஒன்பது மாதமாக ஒரு படத்தையும் முழுதாகப் பார்க்க விடாமல் வெட்டிக்கொண்டே இருப்பதால் அவளுக்கு இந்த வீட்டில் சென்சார் என்று பெயர்.

பத்தாவது, நாய்க்காக வழக்காடும் வக்கீல் படம். ஏழாவது, இரட்டையரில் யார் திருடன் என்று கடைசிவரை சொல்லாத படம். முதலிடம் லிஃப்ட் படத்துக்கு. காரணம் என்ற கட்டத்தில் எழுதியது: ‘இறுதிக் காட்சியின் மௌனம். வசனம் இல்லை, இசை இல்லை. லிஃப்ட் கதவு திறக்கிறது, அவள் இல்லை.’

இங்கே மட்டும் உண்மையை எழுதிவைக்கிறேன். அந்த இறுதிக் காட்சியை நான் பார்த்ததே இல்லை. ஆபரேட்டரும் ஏழாம் மாடிக்காரியும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டதும் இடைவேளை. தியேட்டரில் விளக்கு எரிந்தது, எனக்குப் பனிக்குடம் உடைந்தது. சென்சாரின் முதல் வெட்டு.

எதற்கு இந்தப் பொய்? கல்லூரியில் எந்தப் படம் வந்தாலும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் வாங்குவார்கள். இப்போது எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று — பாப்பா தூங்குறாளா? பட்டியலிலாவது பழைய ஆளாக இருந்துவிட்டுப் போகிறேனே. நாலே நாளில் தூக்கிவிட்ட படம். யார் பார்த்திருக்கப் போகிறார்கள்?

ஜூன் 9, திங்கள்

பல் டாக்டர் போன் செய்தார். “அந்த லிஃப்ட் படம் கிடைச்சிருச்சும்மா. இருபத்தொன்னாம் தேதி மத்தியானம் போடுறோம். படம் முடிஞ்சதும் அந்த மௌனத்தைப் பத்தி நீங்க பத்து நிமிஷம் பேசணும்.”

சரிங்க சார் என்றேன். மரத்துப்போக ஊசி போடுவதானால் முதலில் என் நாக்குக்குப் போட வேண்டும்.

ஜூன் 11, புதன்

துணி மடித்துக்கொண்டே அத்தையிடம், அதாவது மாமியாரிடம், விஷயத்தைச் சொன்னேன்.

“மௌனமா? அந்தப் படத்துலயா? கடைசியில அம்பது பேரு மொட்டை மாடியில குடையைப் பிடிச்சுக்கிட்டு ஆடுவாங்களே.”

என் கை நின்றது. அன்றைக்குத் தியேட்டரிலிருந்து இவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, கூட வந்திருந்த அத்தை துணிப்பையை எடுக்க வீட்டுக்குப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து வந்து, வழியெல்லாம் நெரிசல் என்றார்.

“அத்தை, நீங்க பையை எடுக்கத்தானே போனீங்க?”

ஒரு சின்னச் சட்டையை மூன்றாவது தடவையாக மடித்தார். “தலைப்பிரசவம். எப்படியும் ராத்திரி ஆயிடும். நான் வந்து என்ன, டாக்டருக்குக் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுக்கப் போறேனா? என் பிள்ளைகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத.”

“நான் பாக்கலைங்கறதை நீங்களும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது.”

“சொல்லமாட்டேன். ஆனா நீ மேடையேறி மௌனம்னு சொன்னா சிரிச்சுருவேன். அது என் கையில இல்ல.”

ஜூன் 12, வியாழன்

ஐம்பது குடை.

ஜூன் 15, ஞாயிறு

பாப்பாவுக்குக் காய்ச்சல், வர முடியாது என்று சொல்லிவிடலாமா? நான் பொய் சொல்லி, அது பலித்துவிட்டால்? மூன்று தடவை காய்ச்சல் பார்த்துவிட்டேன். ஒன்றுமில்லை. நாலாவது தடவை சென்சார் தெர்மாமீட்டரைப் பிடுங்கி வீசிவிட்டாள்.

ஜூன் 21, சனி

போனேன். பாப்பாவை இவரிடம் விட்டுவிட்டு, அத்தையோடு. பிறந்ததிலிருந்து மூன்று மணி நேரம் அவளைப் பிரிந்ததே இல்லை. மடியில் போன். இடைவேளையில் விளக்கு எரிந்ததும் கை தானாக வயிற்றைத் தொட்டது. அத்தை பார்த்துவிட்டார். “இந்தத் தடவை உக்காரு” என்றார்.

குடைகள் ஐம்பதில்லை, அறுபதாவது இருக்கும். ஆபரேட்டர் கண்ணாடிக் குடையோடு தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து குதித்தான். முப்பது தலைகள் என் பக்கம் திரும்பின.

எழுந்து நின்றேன். “நான் இடைவேளை வரைக்கும்தான் பார்த்தேன். அதுக்கப்புறம் பிரசவத்துக்குப் போயிட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.

கண்ணாடி போட்ட ஒருவர் விடவில்லை. “அப்போ அந்த மௌனம்?”

“நானே முடிச்சுக்கிட்டது. ராத்திரி பால் கொடுக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமா.”

சிரித்தார்கள். பல் டாக்டர் மட்டும் சிரிக்காமல், “அதைச் சொல்லுங்க, கேப்போம்” என்றார்.

சொன்னேன். மாட்டிக்கொண்ட லிஃப்டுக்குள் அவர்கள் பேசிக்கொள்வது, அவன் தூங்கிப்போவது, ஒவ்வொரு மாடியாக நின்று போவது, கதவு திறப்பது, அவள் இல்லாதது. பத்து நிமிடம் இருபதாகிவிட்டது. முடித்தபோது ஒருவரும் பேசவில்லை. நாற்காலிகூட நகரவில்லை.

பின்வரிசையிலிருந்து அத்தையின் குரல்: “பாட்டே தேவல.”

போனைப் பார்க்கவே மறந்துபோயிருந்தேன். ஓடிவந்தால், சென்சார் ஒரு தடவைகூட என்னைத் தேடவில்லையாம். சந்தோஷம்தான். கொஞ்சம் கோபமும்.

ஜூன் 22, ஞாயிறு

பட்டியலைத் திருத்தி அனுப்பினேன். முதலிடம் அதே லிஃப்ட் படம், ‘இடைவேளை வரைக்கும்’ என்ற குறிப்போடு. பல் டாக்டர் அடுத்த மாதம் வேறொரு படத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை என்னைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

சாப்பிடும்போது இவர் கேட்டார். “ஏம்மா, படம் எப்படி இருந்துச்சு?”

“கடைசிப் பாட்டு, மொதத் தடவை பாத்தப்ப இருந்த அளவுக்கு இல்லப்பா” என்றார் அத்தை.

இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மொதத் தடவைன்னா?”

நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, அவள் அழாமலேயே, தூங்கவைக்கப் போய்விட்டேன்.